நம் அடுப்பில் வெந்த நாப்பி

என் அன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

ஆண்டவர் சமூகத்தில் நன்றாகத்தான் இருப்பீர்கள். அங்கேயும் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று உங்கள் மகன் சொல்கிறார். நேற்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்கு முன் லட்சுமியைப் பற்றிப் பேச வேண்டும்.

எத்தனையோ வருஷத்துக்கு முன், பர்மாவில் இருந்ததெல்லாம் பறிபோய், இரண்டு பெண்பிள்ளைகளோடு, இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அண்ணனைத் தேடி வந்தாள். அவர் இறந்து நாளாகியிருந்தது. சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் நம் ஸ்கெலட்டன் லைனில் அழுதபடி நின்றவளை நீங்கள் நம் வீட்டுக்குக் கூட்டிவந்தீர்கள். "நம்ம சபையா?" என்று பக்கத்து வீட்டு மேரியக்கா கேட்டதற்கு, "பசிக்குதான்னுதான் கேட்டேன், சபைய கேக்கல" என்றீர்கள். எனக்கானால் உங்கள் மேல் கோபம். இருப்பது ஒற்றை அறை, நான் எங்கே படுப்பது?

கொஞ்ச நாளில் மூத்த பெண் காய்ச்சலில் சுருண்டாள். கஞ்சியைத் தொடவில்லை, நாப்பிதான் வேண்டும் என்றாள். இறாலை உப்பில் புளிக்கவைத்து இடித்த பர்மா விழுது அது. லட்சுமி மூட்டையில் கொஞ்சம் வைத்திருந்தாள். அடுப்பில் ஏற்றியதும் லைனே மூக்கைப் பிடித்தது.

"இன்னா நாத்தம் இது? வெளியாள வெச்சிக்கினு கீறாங்கன்னு கம்பெனியாண்ட சொல்லிடுவோம்" என்று வாசலில் கூடிவிட்டார்கள். கம்பெனி கொடுத்த வீட்டில் வெளியாட்களைத் தங்கவைக்கக் கூடாது; சொல்லியிருந்தால் அவளும் பிள்ளைகளும் அன்றே தெருவில்தான். லட்சுமி சட்டியைக் கொட்டப் போனாள்.

நீங்கள் அதைப் பிடுங்கி மறுபடி அடுப்பில் வைத்துவிட்டு, கரண்டியோடு வெளியே வந்தீர்கள். "நாந்தான் ஆக்கறேன். என் வீடு, என் அடுப்பு. நாளைக்கும் ஆக்குவேன். இவங்க ஏசப்பா அனுப்பின விருந்தாளிங்க. யாரு வெளிய அனுப்பறீங்கன்னு பாக்கறேன், வாங்க!"

ஒருவரும் வரவில்லை. மரியாதைக்கு நீங்களும் ஒரு வாய் தின்றுவிட்டு, பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். திரும்பி வந்து அவளிடம் "ருசியாத்தான் கீது" என்றீர்களே, அந்தப் பொய்க்கு ஆண்டவர் என்ன சொன்னார் அத்தை?

நேற்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பம் பங்காருபேட்டையில் ரயில் இறங்கி இங்கே வந்தது. சுரங்கத்தில் ஆள் குறைப்பார்களோ என்று ஊரே கலங்கிக் கிடக்கிற நேரம். பக்கத்து லைனில் மூத்த மகளோடு இருக்கும் லட்சுமிதான் அவர்களை நம்மிடம் கூட்டிவந்தாள். "எங்க போறதுன்னு கேட்டாங்கக்கா. எனக்குத் தெரிஞ்ச வீடு இதான்" என்றாள்.

உங்கள் மகன் என்னைத் தனியே கூப்பிட்டார். "நாலு பேரு வந்து சத்தம் போட்டா யாரு பதில் சொல்றது? அப்போ அம்மா இருந்தாங்க."

"இப்போ நான் கீறேன்" என்றேன்.

சொன்னபிறகு எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவர் உள்ளே போய் வந்தவர்களுக்குப் பாயை விரித்தார்.

நீங்கள் இல்லையே என்று நேற்றுவரை அழுதேன். இனி அந்த வாசலில் யார் வந்து கேட்டாலும், என் உயிர் இருக்கும்வரை, பதில் சொல்ல நான் நிற்பேன்.

உங்கள் வாய் அப்படியே வந்துவிட்ட மருமகள்,
எஸ்தர்