பாய்லர் பாடத்தில் வெட்டின வரி

மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு நடமாடுகிறோம், நீயும் அப்படியே இருப்பாய். ஒரு வார்த்தை குறைத்து எழுதினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லித்தான் அவளை உட்கார வைத்திருக்கிறேன், ஆகவே இதில் உள்ள திட்டெல்லாம் என்னுடையதே.

மூன்று வருடத்துக்கு முன் லீவில் வந்தவள், ஆஸ்பத்திரி சலவைக்கூடத்து பாய்லரை நான் ஓட்டிய விதத்தை நாலு நாள் என் வாயைக் கிளறி எழுதிக்கொண்டு போனாய், அதைப் பாடமாக்கி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் மாற்றலாம் அச்சடிக்கலாம் என்று எழுதி இன்டர்நெட்டில் திறந்துவிட்டாய், என்னை ஒரு வார்த்தை கேட்டாயா. காசு கேட்கவில்லை நான். உன் அண்ணி இப்போது பயிற்சிப் பள்ளியில் அந்த வேலைதான் படிக்கிறாள், அங்கே கொடுத்த தாளைப் போன வியாழக்கிழமை சமையலறையில் சத்தமாகப் படித்தாள், மேலே உன் பெயர், உள்ளே என் பேச்சு, ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது, பாய்லருக்குள் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பாதிக்கு மேல் தெரிந்தால் நெருப்பு மூட்டலாம் என்றதோடு அடுத்ததுக்குத் தாவிவிட்டது. நான் சொன்னது அதுவா. கீழ்க்குழாயைத் திறந்து கண்ணாடியைக் காலியாக்கு, மூடினதும் தண்ணீர் விறுவிறுவென்று ஏறினால்தான் நம்பு, அழுக்கு அடைத்திருந்தால் பாய்லர் வறண்டு கிடக்கும்போதும் கண்ணாடி பொய் காட்டும் என்றேன், என் கூட்டாளியின் முகம் வெந்தது அந்தப் பொய்யை நம்பித்தான் என்றும் சொன்னேன்.

மறுநாளே அந்தப் பள்ளி வாத்தியாரிடம் போய் நின்றேன். ஒரே தாளில் அடங்கவில்லை, கதை மாதிரி இருந்ததை எடுத்துவிட்டேன் என்றான், அதோடு விட்டானா, “பெரியவரே, மாத்திக்கலாம்னு உங்க பொண்ணேதான் எழுதி வச்சிருக்காங்க, அப்புறம் நீங்க எதுக்கு வந்து நிக்கறீங்க” என்றான். நாற்பது வருடம் நெருப்பு முன்னால் நின்றவன் அவன் மேஜை முன்னாலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன், உன்னால்.

திங்கட்கிழமை முப்பது பேர் அந்தத் தாளோடு நிஜ பாய்லரைப் பற்றவைக்கப் போகிறார்கள், உன் அண்ணியும் அதில் ஒருத்தி. மாற்ற எல்லோருக்கும் உரிமை என்றால் எனக்கும்தான், வரியைத் திரும்பச் சேர்த்து முப்பது நகல் எடுத்தாகிவிட்டது, பள்ளி வாசலில் நானே நின்று கொடுப்பேன். அதில் உன் பெயர் இல்லை, அடித்துவிடச் சொல்லிவிட்டேன், பாடத்தைப் பெற்றுப் போட்டுத் திரும்பிப் பார்க்காதவளுக்குப் பெயர் எதற்கு. இன்னும் எந்த ஊரில் எவன் எதை வெட்டி வைத்திருக்கிறானோ, அதை நீ உட்கார்ந்து தேடு.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. அந்த வரியை வெட்டக்கூடாது என்று வாத்தியாருக்கு எழுதிவிட்டு எனக்குப் போன் செய். எழுதாமல் செய்தால் எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா (கைநாட்டு)