வாடை நின்ற குழி

ஜூன் 11, புதன், இரவு 10.25. இன்று குழியில் வாயு மீட்டர் காட்டியது 140 பிபிஎம்.

செம்பனை எண்ணெய் ஆலையின் கழிவுக் குழியில் பம்ப் அடைத்துக்கொண்டது. உள்ளே வாயுவை அளந்து அனுமதி கொடுப்பது என் வேலை. நான் போவதற்குள் செல்லையா அண்ணன் ஏணியில் இடுப்பளவு இறங்கிவிட்டார்.

"ஏறுங்கண்ணே மேல!"

"பயப்படாத லா தம்பி. மொதல்ல அழுகின முட்டை நாத்தம். இப்ப ஒண்ணுமே இல்ல, காத்து சுத்தமாயிருச்சு."

மீட்டரை உள்ளே நீட்டினேன். அலறியது. ஹைட்ரஜன் சல்பைடு கூடினால் மூக்கு மரத்துப்போகும். வாடை நின்றால்தான் ஆபத்து. விளக்க நேரமில்லை. காலரைப் பிடித்து இழுத்தேன். "அறிவிருக்கா உனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"பதினெட்டு வருசமா எறங்குறேன்," என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இந்த ஆலையில் என்னைச் சாப்பிடக் கூப்பிடும் ஒரே ஆள் அவர். தன் மீன் துண்டில் பாதியை எனக்கு வைப்பார். இன்று வேறு மேசையில் உட்கார்ந்தார். அசாம் ஜாவா ஊரில் இருக்கும் என் அறைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

நாளை:

1. குழி மூடிக்குப் பூட்டு. சாவி என்னிடம் மட்டும்.
2. அந்த வாயுவைப் பற்றி அண்ணனிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.
3. அதற்கு முன்னால், எல்லார் எதிரிலும் மன்னிப்பு. கத்தியதற்கு மட்டும். இழுத்ததற்கு இல்லை.