மதியம் ஊற்றியது

பிப்ரவரி 6
எடை நாற்பத்தொன்பதரை. போன வாரம் ஐம்பத்தொன்று. ஆஸ்பத்திரித் தராசில் நான் முள்ளைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

தொண்டைக் கட்டியோடு குரலையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். உள்ளே தைத்த இடம் ஆறும்வரை வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது. வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு குழாய். சத்துத்தூளைக் கரைத்து, சிரிஞ்சில் ஐந்து வேளை ஊற்றுகிறார்கள். கதிர் சிகிச்சை தொடங்க ஐம்பது கிலோவாவது வேண்டுமாம். தள்ளிப்போனால் கட்டி திரும்ப வந்துவிடும் என்று டாக்டர் அவளிடம் மெதுவாகச் சொன்னார். போனது குரல்தானே, காது இருக்கிறதே.

பிப்ரவரி 7
கழிப்பறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டாள். நான் பார்க்கப் பார்க்க, நான்கு திருகாணிகள்.

பிப்ரவரி 9
அவள் மேல் முழுக்கத் தப்புச் சொல்ல முடியாது. ஜனவரியில் ஒரு நாள் குழாயைப் பிடித்து இழுத்தவன் நான்தான். அடுப்பில் வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்டது. வாசனை வரவில்லை. மூச்சே கழுத்து ஓட்டை வழியாகப் போகும்போது மூக்குக்கு என்ன வேலை? திடீரென்று எல்லாம் போதும் என்று தோன்றியது. இழுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஓடி வேறு குழாய் போட்டார்கள்.

அதனால் இப்போது எடை குறைந்தால் குற்றவாளி நான். ஊற்றுவதை எல்லாம் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிடுகிறேனாம். அவள் பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குப் போன பிறகு என்னைப் பார்த்துக்கொள்வது என் அக்கா. சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு எனக்காக வந்திருக்கிறாள். ஒவ்வொரு வேளை ஊற்றிய பிறகும் ஒரு மணி நேரம் நாற்காலியைப் போட்டு என் எதிரில் உட்காருகிறாள். கண் வலிக்க வலிக்க ஸ்வெட்டர் பின்னுகிறாள். காவல்.

பிப்ரவரி 12
ஒன்று கவனித்தேன். காலையில் மனைவி ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் வயிறு சரி என்று அடங்கிவிடுகிறது. உள்ளே ஒரு சமாதானம். மதியம் அக்கா ஊற்றினால் வயிறு உப்புகிறது, கனக்கிறது, ஆனால் நம்ப மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரத்தில் மறுபடி பசி. மூன்று மணி வேளையும் அப்படித்தான். இரவு மனைவி கையால் ஊற்றினால் மறுபடி சமாதானம்.

அதே டப்பா, அதே கரண்டி, அதே தம்ளர். பின்னே?

பிப்ரவரி 13
சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: “மதியம் ஊத்துறது தண்ணி.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “உங்க அக்காவையா சொல்றீங்க? ராப்பகல் பாக்காம உங்களுக்குச் செய்யுறாங்க. டப்பா கணக்கா குறையுது, நான் பாக்குறேன்ல? நாக்குல படாம நேரா வயித்துக்குப் போறது கெட்டியா தண்ணியான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வயித்துல நாக்கா இருக்கு?”

சிலேட்டை அழித்தேன்.

அக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றுபோயிருந்தது.

பிப்ரவரி 14
பசி.

பிப்ரவரி 16
நாற்பத்தெட்டு. அடுத்த வாரம் கதிர் சிகிச்சைக்குக் குறித்த தேதியை ரத்து செய்துவிட்டார்கள். மனநல டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு.

நான் கத்த வேண்டும். எதால் கத்துவது?

பிப்ரவரி 17
ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் ஒரு பெண். சின்ன வயசு, சத்தமாகப் பேசுகிறாள். எல்லோரும் என் மனைவியிடம் பேச, இவள் என்னிடம் பேசினாள். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், வயித்துல நாக்கா என்ற கேள்வி வரை. சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“வயித்துல நாக்கு இல்லதான் சார், ஆனா நாக்குல ருசி பாக்குற செல் இருக்கே, அதே ஜாடையில வயித்துச் சுவர்லயும் குடல்லயும் செல் இருக்கு. வந்தது சர்க்கரையா, புரதமா, கசப்பான்னு அதுங்க மோப்பம் பிடிச்சு மூளைக்குச் சேதி அனுப்பும். அது இனிப்பு புளிப்புன்னு உங்களுக்குத் தெரியாது. பசி அடங்கும், இல்லன்னா அடங்காது. உங்களுக்கு வர்ற தகவல் அவ்வளவுதான்.”

மனைவி கேட்டாள்: “அப்போ இவர் சொல்றது நிஜமா?”

“நிஜம்னு சொல்லல மேடம். தண்ணியும் வயித்தை நிரப்பும், மனசும் ஏமாத்தும். சோதிச்சுப் பாத்துடலாமே?”

ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தாள். காலை வேளையில் மட்டும், சில நாள் முழுக் கெட்டியாக, சில நாள் பாதித் தூளில். சிரிஞ்சைத் துணியால் மூட வேண்டும். எது என்று எனக்குத் தெரியக் கூடாது. ஒரு மணி நேரம் கழித்து நான் எழுத வேண்டும். குறைத்த நாளில் மிச்சத்தை அப்புறம் ஊற்றிவிட வேண்டும்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள்.

பிப்ரவரி 18
நான் எழுதியது: கெட்டி.

பிப்ரவரி 19
தண்ணி.

பிப்ரவரி 20
தண்ணி. (மாத்திரையைப் பொடித்து ஊற்றியதும் குமட்டல். வயிறு கசப்பையும் கண்டுபிடிக்கிறதோ?)

பிப்ரவரி 23
ஆறு நாள் முடிந்தது. மனைவி தன் கைப்பையிலிருந்து, என்றைக்கு எது ஊற்றினாள் என்று குறித்த சீட்டை எடுத்து என் நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். ஐந்து சரி. இருபதாம் தேதி மட்டும் தப்பு, மாத்திரை குழப்பிவிட்டது. சீட்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“நாளைக்கு அரை நாள் லீவு போடுறேன்” என்றாள்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. இல்லை. இரண்டு அறைக்கு அப்பால் அக்கா இருமும் சத்தம் கேட்டது.

பிப்ரவரி 24
பன்னிரண்டு மணிக்கு மனைவி சத்தமில்லாமல் உள்ளே வந்தாள். சமையலறையில் அக்கா தம்ளரில் தூள் போட்டுக்கொண்டிருந்தாள். நான்கு கரண்டி எடுக்கிறாள். இரண்டு கரண்டி தம்ளருக்கு. மீதி இரண்டு வேறொரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு.

“என்னண்ணி இது?”

கரண்டி கீழே விழுந்தது எனக்குக் கேட்டது. நான் எழுந்து போவதற்குள் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே எழுந்து போய், தன் பெட்டியில் புடவைகளுக்கு அடியிலிருந்து இன்னும் மூன்று டப்பாக்களை எடுத்து வந்து வைத்தாள். எல்லாம் தூள். ஒரு சிட்டிகைகூட வீணாக்கவில்லை. கொட்ட மனசு வரவில்லையாம்.

“தின்னுட்டேன்னு நெனைக்காதம்மா. சத்தியமா இல்ல. புதுக் குழாய் போட்டு வந்த மறுநாள் நான் ஊத்தும்போது அடைச்சுக்கிச்சு. நான் அழுத்துனேன். தம்பி துடிச்சுப் போயிட்டான். முகமெல்லாம் நீலம். நான் கொன்னுட்டேன்னே நெனைச்சேன். அன்னையிலேருந்து கெட்டியா ஊத்த கை வரல. தண்ணியா ஊத்துனா சுலபமா இறங்குச்சு...”

“எடை குறையுதுன்னு தெரியும்ல? இவரைத் திருடன் மாதிரி உக்கார வச்சுக் காவல் காத்தோமே, அப்பவாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?”

“நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம்னு...”

அந்த நாள் எனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கிறது. வலி இருந்தது. அவ்வளவுதான். அவளுக்கு அது தினமும் இரண்டு முறை வந்துகொண்டிருந்திருக்கிறது, பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும்.

கோபம் வந்ததா? வந்தது. சிலேட்டில் என்ன எழுதினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அக்கா அதைப் படித்துவிட்டுப் பெட்டி கட்டப் போனாள்.

மூன்று மணி ஆயிற்று. நானே தூளைக் கரைத்தேன், நான்கு கரண்டி. தம்ளரையும் சிரிஞ்சையும் கொண்டுபோய் அவள் பெட்டி மேல் வைத்துவிட்டுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“வேணாண்டா. அவளையே ஊத்தச் சொல்லு.”

நான் நகரவில்லை.

அக்கா சிரிஞ்சை எடுத்து ஊற்றினாள். பாதியில் நின்றுவிட்டது. நிஜமாகவே அடைத்துக்கொண்டது! மனைவி வெந்நீர் எடுத்து வந்து, “அழுத்தாதீங்கண்ணி. கொஞ்சம் இழுங்க, விடுங்க. இழுங்க, விடுங்க” என்றாள். இரண்டு பேர் கையும் ஒரே சிரிஞ்சில். ஐந்து நிமிடம். இறங்கியது.

மார்ச் 5
ஐம்பது. மனைவி தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டாள். ஒரு திருகாணியைக் காணோம், மூன்றில் நிற்கிறது.

மார்ச் 11
கதிர் சிகிச்சை தொடங்கியது.

ஏப்ரல் 29
முடிந்தது. அக்கா ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஏறும்போது, “வேளாவேளைக்கு ஊத்திக்கடா” என்றாள், அதட்டலாக. பழைய குரல்.

ஜூலை 2
கட்டி இல்லை. ஆனால் தொண்டை சுருங்கிவிட்டது, விழுங்க வராது. குழாய் இருக்கட்டும் என்றார் டாக்டர். எத்தனை நாளைக்கு என்று நான் எழுதிக் கேட்கவில்லை. வெளியே வந்து, ஆஸ்பத்திரிச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆகஸ்ட் 18
வேலைக்குத் திரும்பினேன். மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் என் சாணைக்கல்லின் முன் மறுபடி உட்கார்ந்தேன். எட்டு லென்ஸ் தீட்டினேன். ஒன்று வீண்.

மதிய மணி அடித்ததும் எல்லோரும் டப்பாவைத் திறந்தார்கள். வெளியே போய்விடலாமா என்று யோசித்தேன். போகவில்லை. அங்கேயே சட்டையை ஒதுக்கி ஊற்றிக்கொண்டேன். பக்கத்து இருக்கைப் பையன் பழக்கதோஷத்தில், “அண்ணே, இன்னிக்கு என்ன சாப்பாடு?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வயிற்றைத் தொட்டுக் காட்டி, நோட்டில் எழுதினேன்: “இரு, கேட்டுச் சொல்றேன்.”

நிஜமாகவே காத்திருந்தான், சோற்றில் கையை வைத்தபடி. பத்து நிமிடம் கழித்து எழுதிக் கொடுத்தேன்: “நல்லாயிருந்துச்சாம்.”