மோர் கேனும் வலது தோளும்

அடி அண்ணாமலை
2.8.1998

அன்பு மகன் முருகவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். இந்தத் தடவை அதைச் சும்மா வழக்கத்துக்கு எழுதவில்லை, ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயால் கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் நீயும் அப்படிக் கேட்டு எழுதவேண்டும், அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பதறாதே. போன மாதம் அப்பாவுக்கு வேலூரில் ஆபரேஷன் நடந்தது. பித்தப்பையில் கல். தையல் பிரித்தாயிற்று, மனுஷர் இப்போது ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டு உப்பு கம்மி என்று என்னோடு சண்டை போடுகிறார். முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அவர்தான் தடுத்தார். பௌர்ணமிதோறும் அவர் பகல் முழுக்க விரதம் இருந்து, மோர் கேனைத் தோளில் தூக்கிப் போய்க் கிரிவலம் வருகிறவர்களுக்கு ஊற்றுவதுதான் உனக்குத் தெரியுமே. மறுநாள் காலை விரதம் விட்ட ஜோரில் நெய் சொட்டும் பொங்கலும் ஆறு வடையும் உள்ளே போகும். கொஞ்ச நேரத்தில் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும், அங்கிருந்து முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும், வாந்தி வேறு. ரெண்டு மூணு மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். வயிற்றில் இருப்பது வாயு, தோளில் இருப்பது கேன் தூக்கின வலி என்று நாங்களே பிரித்து வைத்துக்கொண்டோம். வயிற்றுக்கு சோடா, தோளுக்கு நீ அனுப்பின தைலம். தேய்த்துத் தேய்த்து என் கைதான் வழவழ என்று ஆனது. ஆனி பௌர்ணமிக்கு நான் ஒரு யோசனை சொன்னேன், இந்த வாட்டி எடது தோள்ல தூக்குங்க என்று. அப்படியே தூக்கினார். மறுநாள் பொங்கல் சாப்பிட்டார், வலி பழையபடி வலது தோளுக்கே வந்தது! தூக்குனது ஒரு தோளு, வலிக்கிறது இன்னொரு தோளா, இது கேன் வேலை இல்லைங்கன்னு சொன்னேன். அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா கத்தாதேன்னுட்டார். அடுத்த நாள் குளிர் காய்ச்சல், கண் மஞ்சள், சிறுநீர் டிக்காஷன் நிறம். அப்பவும் கீழாநெல்லி அரைச்சுக் குடு, போதும்னார். நானா கேட்பேன், பக்கத்து வீட்டு அர்ஜுனன் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போனேன். ஸ்கேனில் பார்த்தால் கல் பித்தக் குழாயில் இறங்கி அடைத்திருந்தது, அன்றைக்கே வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். தோள் வலியும் அந்தக் கல்லால் வந்ததுதான், இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். பதினேழு கல்லுடா! சின்ன பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறார். விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார், நான் எடுத்து பீரோவில் பூட்டினேன்.

இப்போது உன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களோடு பிரியாணி சாப்பிட்டால் சாயங்காலம் வயிறு உப்பி வலது தோள் குடைகிறது, ஷிப்யார்டில் சுத்தியல் வேலை ஜாஸ்தி, நானும் அந்தத் தைலத்தைத்தான் தேய்க்கிறேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்போது ஐயோ பாவம் என்று மட்டும் நினைத்தேன். நேற்று அதை எடுத்து மறுபடி படித்தேன். ஏண்டா, நீ பீச்சாங்கைக்காரன் ஆயிற்றே! எத்தனை அடி போட்டும் நான் மாற்ற முடியாத கை அது. சுத்தியல், பேனா, மட்டை எல்லாம் இடது கை. வலது கையால் நீ தூக்குவது சோறு ஒன்றைத்தான். பிறகு வலது தோள் எதனால் வலிக்கிறது? அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டரே சொன்னார். வெறும் வாயுவாக இருந்தால் ரொம்ப சந்தோஷம், கோயிலில் நெய் விளக்கு ஏற்றுகிறேன். ஆனால் அதை நீயோ நானோ சொல்லக்கூடாது, டாக்டர் சொல்லட்டும். அதுவரை பிரியாணி வேண்டாம் கண்ணு. காய்ச்சலோ, விடாத வலியோ, கண் மஞ்சளோ கண்டால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அப்பா வருகிற பௌர்ணமிக்கும் மோர் ஊற்றியே தீருவாராம். அர்ஜுனன் தூக்கட்டும், நீங்க உக்காந்து ஊத்துங்க என்று சொல்லியிருக்கிறேன். அண்ணாமலையார் உனக்கு நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும். அங்கிருந்து ஊருக்கு வருகிறவர் கையில் இனி தைலம் கொடுத்து அனுப்பாதே, உன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கொடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
வழிபார்த்திருக்கும் உன் அம்மா
தங்கம்மாள்