கல்லுக்கு இந்தப் பக்கம்

என் செல்லமே, என் சண்டைக்காரா, செல்லத்துரைக்கு,

ஏலே, பசுமாட்டுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். உனக்குக் கேட்கவில்லை.

நீ போய் ஆறு வாரம் ஆகிவிட்டது. இங்கே ஆஹென் நகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உன் கட்டிலுக்கு வேறு ஆள் போடலாமா என்று விடுதிக்காரர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். நான் காது கேளாதவன் மாதிரி இருந்துவிட்டேன். இந்தக் கடிதத்தை நம் பையன்களின் கையெழுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். உன்னிடம் மட்டும் சொல்லி அழுதால் போதாது. நான் செய்த காரியம் நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை எல்லைக்கல்லுக்குப் போனதே உன் அப்பாவுக்காகத்தான். பாளையங்கோட்டையில் முப்பது வருஷம் சர்வேயராக இருந்து ஊர் ஊராகக் கல் நட்ட மனுஷர். அவருக்கு இரண்டு தேசத்துக்கு நடுவே நிற்கிற கல்லைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று உனக்கு ஆசை. ஒரு காலை ஜெர்மனியிலும் ஒரு காலைப் பக்கத்து நாட்டிலும் வைத்துக்கொண்டு நின்றாய். "நல்லா எடுலே. கல்லு கோணலா நிக்குதுன்னுதான் அப்பா முதல்ல சொல்லுவாவ" என்று சிரித்தாய்.

படம் எடுத்ததும் திரும்பிவிட்டோம். திரும்பினோமா இல்லையா, நீயே சொல்! மேய்ச்சல் நிலத்தில் அந்தப் பண்ணைக்காரக் கிழவியின் ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தாய். என்னைத் தண்ணீர் வாங்கிவரச் சொன்னாய். "சீக்கிரம் வா, இல்லன்னா உன் பங்கையும் சேத்துத் தின்னுருவேன்" என்றாய். நான் பண்ணை வீட்டுக் குழாயைத் திறக்கும்போது தரை அதிர்ந்தது. பிறகு இன்னொரு தடவை. ஓடிவந்து பார்த்தால் பாதி மரம் இல்லை. புளியோதரை அப்படியே இருந்தது.

யார் சுட்டது தெரியுமா? எதிரி இல்லையடா, ஜெர்மனிக்குக் கூட்டாளி! குன்றுக்கு அந்தப் பக்கம் பக்கத்து நாட்டுப் பட்டாளம் பீரங்கிப் பயிற்சி நடத்தியதாம். இரண்டு குண்டு தவறி இந்தப் பக்கம் விழுந்துவிட்டதாம். சந்திரனில் ஆளை இறக்கி நடக்கவிட்ட இதே வருஷத்தில், தன் தேசம் எங்கே முடிகிறது என்று ஒரு பீரங்கிக்குத் தெரியவில்லை. ஒன்று கிழவியின் மாட்டின் மேல், ஒன்று உன் மேல்.

முதல் வாரம் பேப்பரெல்லாம் கொதித்தது. தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அங்கிருந்து ஆழ்ந்த வருத்தம் வந்தது. பயிற்சியை நிறுத்து என்று ஒரு குரல், கூட்டணிக்கு ஆபத்து என்று ஒரு குரல். அப்புறம் ஒரே நாளில் கப்சிப். இரண்டு மந்திரிகள் கைகுலுக்கும் படம் வந்தது.

ஏன் அடங்கியது என்று கேட்க மாட்டாயா? நான்தான் காரணம். கேட்டுக்கொள்.

நீ செத்த மறுநாள் என்னை இங்குள்ள ஓர் அரசாங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி நல்ல மாதிரி. காப்பி கொடுத்தார். "எல்லைக்கல்லைப் பார்த்தீர்களா?" என்றார். ஆமாம் என்றேன். "தாண்டினீர்களா?" ஒரு கால் வைத்தோமே, ஆமாம் என்றேன். டைப் அடித்த தாள் இரண்டை நீட்டினார். முத்திரை குத்திய தாள் என்றால் நமக்கெல்லாம் என்ன பழக்கம்? வாசிப்பதற்கு முன்னால் பேனாவைத் திறப்பதுதானே! தங்கும் அனுமதிக்கும் விடுதிக்கும் கையெழுத்துப் போட்டுப் போட்டுப் பழகிய கை. போட்டேன். கேமராவிலிருந்த பிலிமையும் கொடுத்தேன். நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன், மானங்கெட்டவன்.

மூன்று நாள் முன்பு அந்தக் கிழவி பஸ் ஏறி விடுதிக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்ததும் ஜெர்மனில் பொரிந்துதள்ளினாள்.

"என் வீட்டுக்கு பக்கத்து நாட்டுப் பெரிய ராணுவ அதிகாரி ஒருத்தரு பூங்கொத்தோட வந்தாரு. உங்க மாட்டுக்காக எங்க அரசாங்கம் மன்னிப்புக் கேக்குதுன்னாரு. சரி, அந்தப் பையனுக்குன்னு கேட்டேன். அது எங்க எல்லைக்குள்ள நடந்த விபத்து, அவங்க அத்துமீறி வந்துட்டாங்க, கூட வந்தவனே எழுதிக் கொடுத்திருக்கான்னாரு. என் மரம் என் நிலத்துல நிக்குது! என் மடியில கிடந்துதான் அவன் செத்தான். நீ என்ன எழுதிக் கொடுத்தே?"

பெட்டியைக் கவிழ்த்து என் பிரதியை எடுத்தேன். இரண்டாம் தாளில் கடைசி வரிக்கு முந்தைய வரி: "எல்லைக்கல்லைத் தாண்டிய பின் குண்டு விழுந்தது." தாண்டியது காலையில், குண்டு விழுந்தது மத்தியானம். நடுவே நாம் திரும்பி நடந்த வழி, உட்கார்ந்த மரம், ஒன்றுமே அதில் இல்லை. உன்னை இழுத்துக்கொண்டுபோய் அந்தத் தேசத்தில் போட்டுக் கொன்றது என் கையெழுத்து.

மறுநாளே உன் அப்பாவின் ஏரோகிராம் கடிதம் வந்தது. அவருக்கும் அதே பதிலைத்தான் அனுப்பியிருக்கிறார்கள். "சின்னவனே, அடுத்தவன் எல்லையில் என் பிள்ளை கால் வைக்க மாட்டானே. நீ கூட இருந்தாயே. கல்லுக்கு எந்தப் பக்கம் விழுந்தான்? அதை மட்டும் எழுது." இவ்வளவுதான். மிச்சத் தாள் முழுக்க வெறுமை.

அதிகாரியிடம் ஓடினேன். இந்தத் தடவை காப்பி இல்லை. "இரண்டு நட்பு நாடுகளுக்குள் பேசித் தீர்ந்த விஷயம். நீங்கள் ஏன் கிளறுகிறீர்கள்? உங்கள் தங்கும் அனுமதி டிசம்பரில் முடிகிறது, இல்லையா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். பக்கத்து அறைக் கோதண்டராமனும் வந்து புலம்பினான். "டேய், எக்ஸ்டென்ஷன் கிடைக்கலேன்னா உன் தீசிஸ் அவ்ளோதான். போனவன் திரும்பி வரப்போறானா?" அவன்மேல் தப்பில்லை. எனக்கும் பயம்தான். வாப்பா வீட்டை அடகு வைத்து அனுப்பிய படிப்பு இது. ஆனால் உன் அப்பாவுக்கு நான் என்ன எழுத? சொல்லுடா.

நேற்றுக் கிழவியின் பண்ணைக்குப் போனேன். செத்த மாட்டைக் கட்டிய கயிறு கொட்டிலில் தொங்கியது. அவள் ஒரு முனை, நான் ஒரு முனை. எல்லைக்கல்லில் தொடங்கி அளந்துகொண்டே வந்தோம். ஒடிந்த மரத்தடிக்குப் பதினாலு கயிறு. பதினாலும் ஜெர்மனிக்குள். தாளில் கல்லை வரைந்து, மரத்தை வரைந்து, நீ உட்கார்ந்த இடத்தில் புள்ளி வைத்தேன். கிழவி அடியில் தன் பெயரை எழுதினாள். படம் இன்று காலை பாளையங்கோட்டைக்குப் புறப்பட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை நாங்கள் இருவரும் அந்த அலுவலகத்துக்குப் போகிறோம். பழைய தாள் பொய் என்று புதுத் தாள் கொடுப்பேன், ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன். டிசம்பரில் மூட்டையைக் கட்டு என்றால் கட்டுகிறேன். ஊரில் வந்து இறங்கியதும் என் வீட்டுக்குக்கூட இல்லை, உன் வீட்டுக்குத்தான் முதலில் போவேன். இது சத்தியம். உன் அப்பா முன்னால் நின்று சொல்வேன்: "கல்லுக்கு இந்தப் பக்கம்தான் அப்பா. அவன் திரும்பி வந்துட்டான். குண்டுதான் தாண்டி வந்துச்சு."

உன் அப்பா இன்னமும் 'சின்னவனே' என்று கூப்பிடுகிற,
உன் வீட்டு இளைய பிள்ளை,
அமீன்