மரவள்ளிச் சட்டியின் மூடி

14 நவ., வெள்ளி

விடிய முதல் மழை. வாவித் தண்ணீர் வட்டை வயலைத் தாண்டி மரவள்ளிப் பாத்தி வரை வந்துவிட்டது. அழுகுமுன் பன்னிரண்டு மரம் பிடுங்கினேன். தடிகளை அடுத்த நடுகைக்குக் கட்டி நிறுத்தியாயிற்று. கிழங்கு, கெடாதிருக்க, ஈர மண்ணுக்குள். குருத்திலை, வறைக் கறிக்கு.

17 நவ., திங்கள்

மழை விடவில்லை. மனைவி இராசத்துக்குச் சளி, தடிமன், படுக்கை. மகள் சுமதி வேலைக்கு. சமையல் நான். கிழங்கின் நடுவில் நீலக்கோடு. மூன்று நாள் வைத்தது பிழையோ? கழித்துவிட்டு அவித்தேன். கூரை ஒழுக்கு சட்டிக்குள் விழுந்தது. மூடினேன்.

"கொஞ்சம் கைக்குது" என்றாள் இராசம். நான் இரண்டு துண்டு. மிச்சம், வீணாக்காதே என்று அவளுக்கு.

மூன்று மணிக்கு மகள் வந்து தாய்க்கு இஞ்சித் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். நாலுக்கு இராசத்துக்கு வாந்தி, மயக்கம். ஆட்டோ வருமுன் வாழையடியில் நானும் வாந்தி எடுத்தேன். யாரும் காணவில்லை.

18 நவ., செவ்வாய்

ஆஸ்பத்திரி. மகள் மருந்து எடுக்கப் போயிருந்த நேரம் டொக்டர் கேட்டார், கிழங்கை மூடியா திறந்தா அவித்தது என்று. திறந்து அவித்தால்தான் நஞ்சு ஆவியோடு போகும். ஐம்பது வருடமாய்த் தெரியும் எனக்கு.

"திறந்துதான்" என்றேன். ஏன்?

இஞ்சியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

19 நவ., புதன்

காலை 5.40. இராசம் போய்விட்டாள்.

20 நவ., வியாழன்

அடக்கம். மரவள்ளிக்கு மேல் இஞ்சி நஞ்சு என்பது ஊர் நம்பிக்கை. இராசத்தின் அக்கா எல்லாருக்கும் முன்னால் மகளைப் பார்த்து: "மரவள்ளி திண்டவளுக்கு இஞ்சி குடுப்பாங்களா புள்ள? பெத்தவள நீயே அனுப்பிட்டாயே."

மூடியைப் பற்றிச் சொல்வதற்கு எழுந்தேன். பந்தல்காரர், வந்தவர்கள் இருக்கக் கதிரை எத்தனை என்றார். நாற்பது என்றேன். இருந்துவிட்டேன்.

26 நவ., புதன்

எட்டுச் சடங்கு. மகள் இரண்டு நாளாய்ச் சோறு தொடவில்லை. அடுப்படிக்குள்ளும் போவதில்லை. இராசத்தின் அக்கா சமைக்கிறா.

28 நவ., வெள்ளி

வெயில். செய்ய வேண்டியவை:
1. கூரை ஓடு. மாற்றினேன்.
2. தடி நட. நட்டேன், பாதி.
3. மகளிடம் சொல்ல.

பின்னேரம், மகள் கிணற்றடி இஞ்சியை வேரோடு பிடுங்கி வாவியில் எறிந்துவிட்டு வந்தாள். கை முழுக்க மண். கழுவாமல் நின்று கேட்டாள்.

"அப்பா, அண்டைக்கு நீங்களும் கிழங்கு திண்டதானே. உங்களுக்கு ஒண்டும் செய்யல்லயா?"

"இல்ல மகள்" என்றேன்.