தேங்காய்க்குக் காட்டிய கற்பூரம்

ஜூலை 19, வெள்ளி

காலையிலிருந்து மழை. கரண்ட் இல்லை. ஆடி முதல் வெள்ளி, கிடங்குக்கு லீவ். வாங்கியது: கற்பூரம், வெற்றிலை, வாழைப்பழம் (கொள்ளை விலை).

மனைவி மா கினுக்கு எட்டாம் மாதம். போன வருஷம் கரு ஒன்று நிற்காமல் போனதிலிருந்து இருவருக்கும் பயம். பிரசவத்துக்காக அவள் அம்மா ஷ்வேப்யிதாவிலிருந்து வந்து கூடவே இருக்கிறார். பர்மாக்காரர், மாமனார் தமிழர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். நான் கூப்பிடுவது 'அமே', அம்மா என்று அர்த்தம்.

அம்மன் படத்துக்குக் கற்பூரம் காட்டினேன். அப்படியே திரும்பி, தூணில் சிவப்புத் துணி கட்டித் தொங்கும் தேங்காய்க்கும் காட்டினேன். அதுதான் வீட்டைக் காக்கும் நாட், பர்மாக்காரர் தெய்வம். கல்யாணத்தன்று அமே தொங்கவிட்டது. ஒருவரை மட்டும் விடுவானேன் என்று நினைத்தேன். துணி ஓரம் கருகிவிட்டது.

அமே போட்ட கூச்சலில் கீழ் வீட்டு பாய் ஏறி வந்துவிட்டார்.

"நெருப்புல வெந்து செத்தவருக்கு நெருப்பு காட்டுவாங்களா மாப்புளே? அவரு காயம் ஆறத்தானே தேங்கா தண்ணி வைக்கறோம்!"

எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னார்களா?

மாலையே மா கினை ஷ்வேப்யிதாவுக்குக் கூட்டிப் போய்விட்டார். காவல் போன வீட்டில் பிள்ளை பெறக்கூடாதாம். அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில், எட்டு மாத வயிற்றோடு.

ஜூலை 20, சனி

மழை. தூக்கமில்லை. சாப்பிட வாங்கிய மொஹிங்கா, மீன் நூடுல்ஸ், அப்படியே கிடக்கிறது. கிடங்கில் மூட்டைக் கணக்கு தப்பு, திட்டு.

பாய்: "உம்ம மனசுல கெட்ட எண்ணம் இல்ல. விடும்."

விடத்தான் பார்க்கிறேன். மா கினுக்கு ஏதாவது ஆனால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

தேங்காயைப் பையில் போட்டுக்கொண்டு ஷ்வேப்யிதா. அமே என்னோடு பேசவில்லை. ஆனாலும் நாட் கடோவிடம் கூட்டிப் போனார். நாட் இறங்கி ஆடிக் குறி சொல்பவர். ஆண்தான், உதட்டில் சாயம், விரலெல்லாம் மோதிரம், வாயில் சுருட்டு.

தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டினார். சத்தமே இல்லை. மறுபடி ஆட்டினார். பிறகு என்னை விட்டுவிட்டு அமே பக்கம் திரும்பி பர்மிய மொழியில் பிடிபிடியென்று பிடித்தார்.

"இவன் நெருப்பு காட்டுனது ஒரு நிமிஷம். அவரு எத்தன மாசமா தண்ணியில்லாம காஞ்சு கெடக்காரு! தொங்கவிட்டியே, ஒரு தடவயாவது ஆட்டிப் பாத்தியா?"

அமே முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வந்திருந்தால் தொலைந்தேன்.

பரிகாரம்: காம்போடு புதுத் தேங்காய், தண்ணீர் நிறைய. நெருப்பு காட்டியவனே தொங்கவிட வேண்டும்.

ஜூலை 22, திங்கள்

வெயில்! லீவ் சொல்லியாயிற்று. சந்தையில் ஒவ்வொரு தேங்காயாக ஆட்டினேன். கடைக்காரி: "வாங்கறீங்களா, தாலாட்டறீங்களா?"

புதுத் துணி, புதுத் தேங்காய். தொங்கவிட்டாயிற்று.

மதியம் வாசலில் டாக்ஸி. முதலில் ஒரு மூட்டை, பிறகு அமே, பிறகு மா கின். என் தோளைப் பிடித்துப் படியேறினாள். மூச்சு வாங்கியது, ஆனால் முகத்தில் தெளிவு. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அமே நேரே தூணுக்குப் போய்த் தேங்காயை ஆட்டிப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்தார்: குழந்தைக்குக் கிழித்து வைத்த துணிகள்.

"பழய லுங்கி இருந்தா குடுங்க மாப்புளே. இன்னும் வேணும். புள்ள இங்கதான் பொறக்கும்."

இருந்த லுங்கி எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன், கட்டியிருந்ததைத் தவிர.